பந்திக்கு முந்தாதவர்கள்: சபை ஒருமைப்பாடு குறித்து

சபை ஒருமைப்பாட்டைப் பற்றிப் பிரசங்கிக்கிறவர்கள் பவுலின் முதலாம் கொரிந்தியர் நிருபத்தில் 12ஆம் அதிகாரத்துக்குப் போய், உடலும் உறுப்புகளும் என்ற உருவகத்தை எடுத்துக்கொள்வார்கள். 13ஆம் அதிகாரத்தைத் திருமண ஆராதனைகளில் வாசிக்கிறோம். இந்த இரண்டுக்கும் முன்னால், 11ஆம் அதிகாரத்தில், ஒரு சாப்பாட்டுத் தகராறு இருக்கிறது. அதை விட்டுவிட்டு அன்பைப் பேசும்போது அன்பு வெறும் மனக்கனிவாகச் சுருங்கிவிடுகிறது. பவுலுக்குச் சபையின் அன்பு என்பது முதலில் ஒரு பந்தி ஒழுங்கு. ஒருவருக்காக ஒருவர் காத்திருப்பது. இக்கட்டுரையின் வாதம் இதுதான்.

கொரிந்து, கி.மு. 44இல் ஜூலியஸ் சீசர் மறுபடி குடியேற்றிய ரோம நகரம். இரண்டு துறைமுகங்களின் வணிகம் அங்கே புரண்டது. அந்நகரத்துச் சபையில் முழுச் சபையையும் தன் வீட்டில் ஏற்கும் வசதி படைத்த காயு இருந்தார். நகரத்து உக்கிராணக்காரனான ஏரஸ்துவின் பெயரும் உண்டு. குலோவேயாளின் வீட்டார் என்று வருகிறவர்களோ பெரும்பாலும் அவளிடம் வேலை செய்தவர்கள் அல்லது அடிமைகள். இவர்கள் எல்லாரும் ஒரே மாலையில், ஒரே வீட்டில் கூட வேண்டும். அன்று ஞாயிறு விடுமுறை நாளல்ல. கான்ஸ்டன்டைன் அதை ஓய்வுநாளாக அறிவித்தது 321இல்தான். எசமான் விட்டால்தான் அடிமை வர முடியும், பொழுது சாய்ந்தால்தான் கூலியாள் வர முடியும். ரோமர் வீட்டு விருந்தறையில் வழக்கமாக மூன்று மஞ்சங்கள், மஞ்சத்துக்கு மூன்று பேர், ஆக ஒன்பது பேருக்கு இடம். மற்றவர்கள் முற்றத்தில் இருந்திருப்பார்கள் என்று ஜெரோம் மர்ஃபி-ஓ'கானர் போன்ற ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். முதலில் வந்தவருக்கு மஞ்சமும் நல்ல உணவும் மதுவும். கடைசியில் வந்தவருக்கு முற்றமும் பசியும். நம் பழமொழி சொல்லும் பந்திக்கு முந்துதல் அங்கே அப்படியே நடந்தது.

இங்கே ஒரு சொல்லாராய்ச்சி தேவை. அந்த 11ஆம் அதிகாரத்தின் 21ஆம் வசனத்தில் பவுல் ஆளும் கிரேக்க வினை 'ப்ரொலம்பானோ'. முன்னதாக எடுத்துக்கொள்ளுதல் என்பது அதன் வழக்கமான பொருள். 33ஆம் வசனத்து 'எக்தெகொமாய்' காத்திருத்தலைக் குறிக்கும். ஆய்வாளர் ப்ரூஸ் வின்டர் இதற்கு மாறாக வாசிக்கிறார்: முந்தையது 'விழுங்குதல்', பிந்தையது 'விருந்தினராக ஏற்றுக்கொள்ளுதல்'. அப்படியானால் குற்றம் காலத்தைப் பற்றியதல்ல, பகிராமையைப் பற்றியது. இந்த வாசிப்பில் நியாயம் இருக்கிறது. ஆனால் அடுத்த வசனத்தோடு அது ஒட்டவில்லை. பசிக்கிறவன் வீட்டிலேயே சாப்பிட்டு வரட்டும் என்கிறார் பவுல். காத்திருக்கச் சொன்னவர்தான், காத்திருக்கப் பசி விடாது என்ற சாக்குக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். ஆகவே 'காத்திருத்தல்' என்ற பழைய பொருளையே நான் ஏற்கிறேன். தாமதமாக வருகிறவனுக்காகச் சோற்றை மூடி வைப்பதைவிட மேலான விருந்தோம்பல் வேறென்ன?

இந்த இடத்தில் பவுல் கொரிந்தியருடைய விசுவாசத்தைக் குறை கூறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். உயிர்த்தெழுதல் பற்றிய தகராறு 15ஆம் அதிகாரத்தில் வருகிறது. பந்தியில் அவர் கண்ட குற்றம் இல்லாதவர்களை வெட்கப்படுத்தியது. அதற்காகவே, நீங்கள் உண்பது கர்த்தருடைய விருந்தே அல்ல என்று சொல்லிவிடுகிறார். 13ஆம் அதிகாரத்தில் அன்பின் குணங்களை எண்ணும்போது முதலாவதாக அவர் வைப்பது பொறுமை. பந்தித் தகராறை வாசித்த கையோடு அங்கே வருகிறவர்களுக்கு அது மணமக்களுக்கான அறிவுரையாகத் தோன்றாது. 14ஆம் அதிகாரத்திலும் அதே ஒழுங்குதான்: ஒருவர் பேசிக்கொண்டிருக்கையில் வேறொருவருக்கு வெளிப்பாடு கிடைத்தால் முதலாமவர் பேச்சை நிறுத்த வேண்டும்.

ஒரே விசுவாசம் இருந்தால் ஒருமைப்பாடு தானே வரும் என்பார்கள். அதற்கு வடக்கன்குளம் கத்தோலிக்கத் திருக்குடும்ப ஆலயத்தைச் சான்றாக வைக்கிறேன். திருநெல்வேலிப் பகுதியில் 1872இல் எழுந்த அக்கோயில் கால்சட்டை போல இரண்டு கூடங்களாகப் பிரிந்து, பலிபீடத்தில் ஒன்று சேர்ந்தது. ஒரு கூடத்தில் வெள்ளாளர், மறு கூடத்தில் நாடார். இரு தரப்பாரும் பலிபீடத்தைப் பார்க்கலாம், ஒருவரையொருவர் பார்க்க முடியாது. ஒரே விசுவாச அறிக்கை, ஒரே குரு, ஒரே அப்பம். ஆனால் சபை இரண்டு. 1910இல் கௌசானல் அடிகளார் அந்தப் பிரிப்பை அகற்றினார். வெள்ளாளர் தரப்பு நீதிமன்றம் போனது. சென்னை உயர்நீதிமன்றம்வரை சென்றும் அவர்கள் கேட்டது கிடைக்கவில்லை.

சீர்திருத்தத் திருச்சபையின் கதையும் இதுதான். தரங்கம்பாடி மிஷன் 1706இல் தொடங்கியது. அங்கே தஞ்சைப் பகுதியில் உபதேசியாராக உழைத்த ராஜநாயக்கனுக்குக் குருப்பட்டம் கொடுக்க மிஷனரிகள் தயங்கினார்கள். தாழ்த்தப்பட்ட குலத்தவரின் கையிலிருந்து மற்றவர்கள் இராப்போஜனம் வாங்க மாட்டார்கள் என்ற அச்சமே காரணம். மிஷனரிகள் காத்திருந்தார்கள்தான். ஆனால் கடைசியில் நிற்பவருக்காக அல்ல, முதலில் உட்கார்ந்தவர்களின் மனம் இளகட்டும் என்று. அந்தக் காத்திருப்பைப் பவுலின் பந்தியோடு சேர்த்து எண்ண முடியாது.

1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதியை உடனே, முற்றிலுமாக விட வேண்டும் என்று ஆணையிட்டார். வேப்பேரியிலும் தஞ்சையிலும் பலர் விலகிப்போனார்கள். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் அதற்கு முன்பே, 1829இல், சாதியைத் திருத்தப் புகுவதை எதிர்த்து எழுதியிருந்தார். மிஷனரிகள் வேதாகம மொழிபெயர்ப்பை மாற்றியது, பாட்டையும் பூவையும் தடுத்தது, இராப்போஜனத்தில் சாதிகளைக் கலந்தது எல்லாம் அவருக்கு ஒரே வகைக் கொடுமையாகத் தெரிந்தன. பாட்டு விஷயத்தில் நான் சாஸ்திரியார் பக்கம். பந்தி விஷயத்தில் அவர் தவறினார் என்றே சொல்வேன். பாட்டை இழந்தவன் தன் மரபை இழந்தான். பந்தியில் இடம் இழந்தவனோ சபையையே இழந்தான்.

1840களின் பிற்பகுதியில் மதுரையில் அமெரிக்க மிஷனரிகள் சேர்ந்துண்பதையே சோதனையாக வைத்தார்கள். அவர்களின் நோக்கம் சரி. ஆனால் சம்பளம் கொடுக்கிறவர் பார்த்திருக்க உபதேசியார் உண்ணும் கவளத்தில் அன்பு எவ்வளவு, அச்சம் எவ்வளவு? தடைச் சுவரை ஆணையால் இடிக்கலாம், இடிக்கவும் வேண்டும். காத்திருக்கும் பழக்கத்தைச் சபைதான் வாரந்தோறும், பண்டிகைதோறும் பயின்றாக வேண்டும்.

நெல்லைச் சீமையின் அசனம் என்னும் சபைப் பந்தி அதற்கொரு பள்ளிக்கூடம். பிரதிஷ்டைப் பண்டிகைக்கு வீட்டுக்கு வீடு அரிசியும் ஆடும் காணிக்கையாக வரும். கோயில் வளாகத்தில் அண்டா அண்டாவாகச் சோறும் கறிக்குழம்பும் வேகும். சில ஊர்களில் பெரிய மனிதர்களுக்கு முதல் பந்தி என்ற வழக்கம் நுழைந்திருப்பது எனக்கு வேதனை தருகிறது. அது கொரிந்தின் மஞ்சமேதான். நான் பார்த்த ஓர் அசனத்தில் மணி மூன்றாகியும் பரிமாறவில்லை. பையன்கள் இலைக்கட்டோடு நின்றார்கள். சபை மூப்பர் ஒருவர் வாசலையே பார்த்துக்கொண்டு, "சூளை ஆட்க இன்னும் வரலல்லா? எலை போடாதீய" என்றார். முணுமுணுப்பு எழுந்தது, குழந்தைகள் அழுதார்கள், குழம்பில் நெய் ஆடை கட்டியது. பிறகு அந்தச் சூளைத் தொழிலாளர்கள் வந்தார்கள், குளித்த ஈரம் காயாத தலையோடு, இருபது பேர் இருக்கலாம். கடைசி ஆள் உட்கார்ந்த பிறகுதான் மூப்பர் ஜெபம் பண்ணக் கண்ணை மூடினார்.