நிலமானிய ஐரோப்பாவில் உயர்வும் தாழ்வும்

சரித்திரம் என்றதும் நம்மிற் பலருக்கு அரசரும் போர்களுமே நினைவுக்கு வருகின்றன. மத்தியகால ஐரோப்பா என்றாலோ, பாடப்புத்தகத்திற் கண்ட கற்கோட்டையும், இரும்புக் கவசம் பூண்ட குதிரைவீரனும் கண்முன் தோன்றுவர். அக் கோட்டைக்கு வெளியே ஏர் பிடித்து நின்றவனை நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆயினும் அச் சமுதாயத்தின் பாரம் முழுவதையும் சுமந்தவன் அவனே. அவன் எவ்வாறு தாழ்ந்தான், அத் தாழ்வு எவ்வாறு நிலைபெற்றது, பின் எவ்வாறு நீங்கிற்று என்பவற்றை இங்கு சுருக்கமாக ஆராய்வோம்.

கி. பி. 800 ஆம் ஆண்டில் உரோமாபுரியில் முடிசூடிய சாளிமேன் பேரரசன் மேற்கு ஐரோப்பாவின் பெரும்பகுதியை ஒரு குடைக்கீழ் ஆண்டான். அவனுடைய பேரர் மூவர் 843 இல் வேர்டன் உடன்படிக்கையின்படி அப் பேரரசைப் பங்கிட்டுக்கொண்டனர். ஆட்சி சிதறிய அந் நூற்றாண்டிலே வடக்கிலிருந்து வைக்கிங்குகளும், கிழக்கிலிருந்து மகியாரும், தெற்கிலிருந்து சரசென்களும் படையெடுத்தனர். 885 இல் வைக்கிங்குகள் பாரிஸ் நகரையே முற்றுகையிட்டனர். தொலைவிலிருந்த அரசனாற் கிராமத்தைக் காக்க இயலவில்லை. அருகிலிருந்த கோட்டைத் தலைவனால் இயன்றது. எனவே எளியோர் பலர் தம் நிலத்தையும் உழைப்பையும் அவனிடம் ஒப்புவித்துப் பாதுகாப்பைப் பெற்றனர். அச்சத்திற் பிறந்த இவ்வேற்பாடு அச்சம் நீங்கிய பின்னும் நீங்கவில்லை. தந்தைக்கு அளித்த மானியம் மகனுக்கு உரிமையாயிற்று. தந்தை ஏற்ற கடமையும் மகனுக்குப் பிறவிக்கடனாயிற்று.

இம் முறை எல்லா நாடுகளிலும் ஒரே சீராக இருந்ததென எண்ணுதல் தவறு. ‘நிலமானிய முறை’ என்னும் பொதுப்பெயரே பிற்காலத்தவர் இட்டதாகும். அப் பெயரைக் கண்டபடி பயன்படுத்தலாகாதென சூசன் றெனோல்ட்ஸ் என்னும் ஆங்கில ஆசிரியை 1994 இல் வெளியிட்ட நூலில் வலியுறுத்தினார். ஆகவே நாம் இங்கிலாந்து ஒன்றையே சிறப்பாக எடுத்துக்கொள்வோம்.

1066 இல் இங்கிலாந்தை வென்ற நோர்மன் வேந்தன் வில்லியம், நாட்டின் நிலமனைத்தும் தன்னிடமிருந்தே பெறப்பட்டதெனக் கொண்டான். அவனிடம் மானியம் பெற்ற பிரபு, முழந்தாளிட்டு, தன் இரு கரங்களையும் அரசன் கரங்களுக்கிடையில் வைத்து, “உம்முடைய ஆள்” என உறுதிமொழி கூறுவான். பிரபுவிடம் குதிரைவீரன் நிலம் பெறுவான். அதற்கீடாக ஆண்டுக்கு நாற்பது நாட்கள் போர்ச்சேவை செய்தல் வழக்கம். இப் படிகள் எல்லாவற்றுக்கும் கீழே பண்ணையாள் நின்றான். 1086 இல் வில்லியம் எடுப்பித்த ‘டூம்ஸ்டே’ என்னும் நிலப்பதிவேட்டிற் குறிக்கப்பட்டோரில் ஏறக்குறையப் பத்திலொருவர் அடிமைகள். மிகப் பெரும்பாலோர் பண்ணையாட்களும் குடிசைக்காரருமாவர்.

இவ்வேற்றத்தாழ்வுக்குச் சமயத்தின் பெயரால் நியாயமுங் கற்பிக்கப்பட்டது. பிரான்சின் லான் நகர மேற்றிராணியாராகிய அடல்பெரோ, பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்திலே, மனிதரை மூன்று வகுப்பாராகப் பிரித்தார். தொழுவோர், பொருவோர், உழைப்போர் என்பனவே அவ்வகுப்புகள். ஒருவர் பணியால் மற்றவர் வாழ்வதால் இது கடவுள் வகுத்த ஒழுங்கு என்பது அவர் கருத்து. உழைப்போர் இன்றி ஏனை இருவர்க்கும் வாழ்வில்லை என்பதையும், அவர்கள் துன்பத்துக்கு எல்லையில்லை என்பதையும் அவரே ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டபின்னும் அவ்வொழுங்கை மாற்றவேண்டுமென அவர் கூறவில்லை!

பண்ணையாளின் நிலை எத்தகையது? அவன் சந்தையில் விற்கப்படும் அடிமையல்லன். மற்ற யாவருடனும் அவன் சுதந்திரமுடையவனே. தன் பிரபுவுக்கெதிராக மட்டும் அவனுக்கு உரிமையில்லை என்றது சட்டம். வாரத்தில் இரண்டு மூன்று நாட்கள் பிரபுவின் நிலத்திற் கூலியின்றி உழைக்கவேண்டும். அறுவடைக் காலத்தில் அதற்கு மேலும் உழைக்கவேண்டும். மகளுக்கு விவாகம் செய்யப் பணங் கட்டவேண்டும். அவன் இறந்தால் வீட்டிலுள்ள சிறந்த கால்நடை பிரபுவைச் சேரும். தானியத்தைப் பிரபுவின் ஆலையிலேயே அரைத்து, அதில் ஒரு பங்கைக் கொடுக்கவேண்டும். மகனைப் பள்ளிக்கு அனுப்பவும் பிரபுவின் அனுமதி வேண்டும். அனுமதியின்றி அனுப்பினால் தண்டம் விதிக்கப்படும். வாளினால் மட்டுமன்று, ஆலையாலும் விவாகத்தாலும் பள்ளியாலும் அவன் கட்டுண்டு கிடந்தான்.

இவ்வமைப்பில் மேலேறுவதற்குத் திருச்சபை ஒன்றே ஏணியாயிருந்தது. வாலிங்ஃபோர்ட் என்னும் ஊரில் ஒரு கொல்லனுக்கு மகனாகப் பிறந்த றிச்சார்ட் சிறுவயதிலே தந்தையை இழந்தான். ஒரு மடத்துத் தலைவர் அவனை வளர்த்து ஒக்ஸ்ஃபோர்டுக்கு அனுப்பினார். கணிதத்திலும் வானநூலிலும் அக் காலத்தில் ஒப்பாரற்று விளங்கிய அவர், 1327 முதல் 1336 வரை சென்ற் அல்பன்ஸ் மடத்தின் அதிபதியாயிருந்தார். அவர் வகுத்த வானியற் கடிகாரம் இன்றும் அறிஞராற் போற்றப்படுகின்றது.

அந்நகரத்துக் குடிகள் மடத்தின் ஆலைக்குச் செல்லாது தம் வீடுகளிலே திரிகையில் மாவரைத்து வந்தனர். மடாதிபதி வழக்காடி வென்று, அத் திரிகைகளைப் பறிமுதல் செய்தார். அம்மட்டில் அவர் நிற்கவில்லை. அக் கற்களை மடத்தின் வரவேற்பறையிலே தளமாகப் பதிப்பித்தார். கொல்லன் மகன் எளியோரின் கற்கள்மேல் நடந்து சென்றார்.

1348 இல் இங்கிலாந்தைப் பெருங் கொள்ளைநோய் பீடித்தது. மக்களில் மூன்றிலொரு பங்கினரேனும் மாண்டனர். பாதிப்பேர் மாண்டனர் என்பாரும் உளர். உழைப்போர் அருகவே கூலி உயர்ந்தது. உடனே 1349 இலும் 1351 இலும் சட்டங்கள் பிறந்தன. நோய்க்கு முந்திய கூலிக்கே எவரும் உழைக்கவேண்டும் என்பது அவற்றின் கட்டளை. அவ்வொழுங்கு கடவுள் வகுத்ததாயின் அதனைக் காக்கச் சட்டமுஞ் சிறையும் எதற்கு?

அடங்கிக் கிடந்த சினம் 1381 இல் வெடித்தது. நான்கு ஆண்டுகளுக்குள் மூன்றாவது முறையாக விதிக்கப்பட்ட தலைவரி, தலைக்கு 12 பென்ஸ் வீதம் கேட்கப்பட்டது. கென்ற், எசெக்ஸ் மாகாணங்களின் மக்கள் வற் ரைலரைத் தலைவனாகக் கொண்டு இலண்டனை அடைந்தனர். மனிதர் யாவரும் ஆதியிற் சமமாகவே படைக்கப்பட்டனர் என்று போதித்த ஜோன் போல் என்னும் குருவும் அவர்களுடன் இருந்தார். யூன் 14 ஆந் திகதி பதினான்கு வயது மன்னன் இரண்டாம் றிச்சார்ட் அவர்களைச் சந்தித்து, பண்ணையடிமை ஒழிந்ததெனவும், நிலவாடகை ஏக்கருக்கு 4 பென்ஸ் எனவும் வாக்களித்தான். மறுநாள் ரைலர் வெட்டுண்டான். யூலை 2 ஆந் திகதி வாக்குறுதிகள் யாவும் இரத்துச் செய்யப்பட்டன.

அக் கலகத்திடையே சென்ற் அல்பன்ஸ் மக்கள் மடத்துட் புகுந்தனர். வரவேற்பறைத் தளத்தைப் பெயர்த்துத் தம் பாட்டன்மாரின் திரிகைக் கற்களை வெளியே எடுத்தனர். அவற்றைத் துண்டுகளாக உடைத்து, ஞாயிறுதோறும் கோவிலிற் பகிரும் புனித அப்பத்தைப் போல ஆளுக்கொரு துண்டு பகிர்ந்தனர். அம் மடத்துத் துறவியும் கலகக்காரரின் பகைவருமான தோமஸ் வோல்சிங்கமே இதனை எழுதிவைத்துள்ளார். ஐம்பது ஆண்டுகளாக அக் கற்களை அவர்கள் மறக்கவில்லை. அவர்தந் தலைவன் வில்லியம் கிறிண்ட்கொப் தூக்கிலிடப்பட்டான். ஜோன் போலும் அந்நகரிலேயே கொல்லப்பட்டார்.

கலகம் தோற்றது, ஆனாற் பழைய நிலை மீளவில்லை. ஆள் அருகிய காலத்திலே பண்ணையாட்கள் வேறிடஞ் சென்றனர்; பிரபுக்கள் ஊழியத்துக்குப் பதிலாக வாடகை பெற இணங்கினர். 1391 இல், பண்ணையாட்கள் தம் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாது தடுக்கவேண்டுமெனப் பாராளுமன்றத்தின் பொதுச்சபை வேண்டியது; மன்னன் இணங்கவில்லை. 1406 இல், எந்நிலையினராயினும் தம் மகனையோ மகளையோ கல்விக்கு அனுப்பலாமெனச் சட்டமே கூறிற்று. 1574 இல் எலிசபெத் இராணி தம் நிலங்களில் எஞ்சியிருந்த பண்ணையாட்களைப் பணம் பெற்று விடுவிக்க ஆணையிட்டாள். பிரான்சில் 1789 ஓகஸ்ட் 4 ஆந் திகதி இரவு பிரபுக்களின் விசேட உரிமைகள் துறக்கப்பட்டன.

இவ்வரலாற்றினின்று நாம் அறிவன இரண்டு. முதலாவது, பிறப்பினால் வரும் உயர்வு தாழ்வு மனிதர் தம் தேவைக்காக ஆக்கியது. ஆகவே மனிதரால் மாற்றத்தக்கது. இரண்டாவது, நம்மைப் போற் கல்வி கற்கும் இளைஞருக்குச் சிறப்பாக உரியது. கல்வி ஒருவனை உயர்த்தும். அவ்வளவில் அது சமுதாயத்தை உயர்த்திவிடாது. கொல்லன் மகன் வானத்துக் கோள்களின் கதியை அளந்தார். தன் வாயிலில் நின்றவனின் திரிகை அவருக்குப் பொருளாகத் தோன்றவில்லை. கற்று உயரும் நாம் நம் காலடியிற் கிடக்கும் கற்கள் யாருடையவை என்று ஒருமுறை குனிந்து பார்த்தல் வேண்டும்.