எதுவரை?

எம்.ஆர்.ஐ. பிறந்தது ஒரு கேள்விக்காக, இன்று பதில் சொல்வது இன்னொன்றுக்கு.

1971ல் அமெரிக்காவில் ரேமண்ட் டமாடியன் எலிகளின் கட்டிகளை ஆராய்ந்தார. காந்தப்புலத்தில் வைத்து ரேடியோ அலையால் சீண்டினால், கட்டியில் உள்ள நீரின் ஹைட்ரஜன் பழைய நிலைக்குத் திரும்ப அதிக நேரம் எடுத்தது. இதை வைத்தே புற்றுநோயைக் கண்டுபிடித்துவிடலாம் என்று நம்பினார். அது நடக்கவில்லை. வெறும் வீக்கமும் அப்படித்தான் காட்டும்.

அதே 1971ல், சென்னையிலிருந்து பெங்களூர் போயிருந்த ஜி.என்.ராமச்சந்திரன், ஏ.வி.லட்சுமிநாராயணனோடு சேர்ந்து, பல கோணத்து நிழல்களிலிருந்து முழு உருவத்தைக் கட்டும் சுருக்கமான கணக்கை வெளியிட்டார். கோடு எழுதிப் பிழைக்கும் எனக்கு அது இன்றும் ஆச்சரியம். சி.டி. ஸ்கேனுக்கு அடித்தளமான கணக்கு அது. 1973ல் பால் லாட்டர்பர், காந்தப்புலத்தை இடத்துக்கு இடம் சற்று மாற்றி, கோணங்களைச் சேர்க்கும் அதே வகை யோசனையில் நீர் நிரம்பிய இரண்டு குழாய்களைப் படமாக்கினார். அதன்பின் கேள்வி மாறியது. 'புற்றா?' என்பதை பயாப்ஸி சொல்லும். 'எதுவரை?' என்பதை எம்.ஆர்.ஐ. சொல்லும்.

இந்த வித்தியாசம் எனக்குப் புரிந்தது பெரியப்பாவால். ராயக்கோட்டை தக்காளி மண்டியில் புகையிலையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டே பெட்டி இறக்கியவர். கீழ் ஈறில் ஆறாத புண். பெங்களூருக்கு ஸ்கேன் எடுக்கப் போகும்போது கேட்டார்: "தாடையை எடுத்துருவாங்களாடா?"

"படத்தப் பார்த்துட்டுத்தான் சொல்வாங்க பெரியப்பா."

பெரியவர்களின் தாடை எலும்புக்குள் கொழுப்பு மஜ்ஜை இருக்கிறது. டி1 படத்தில் கொழுப்பு வெள்ளையாக மின்னும். கட்டி உள்ளே புகுந்தால் அந்த வெள்ளை கறுக்கும். எலும்பின் மேலோட்டைப் பார்க்க சி.டி. நல்லது; மஜ்ஜையையும் நாக்குத் தசையையும் பார்க்க எம்.ஆர்.ஐ. மஜ்ஜை வெள்ளையாகவே இருந்தால், தாடையின் மேல்விளிம்பை மட்டும் செதுக்கி எடுத்து, கீழ்விளிம்பை விட்டுவைக்க வழியுண்டு. கறுத்திருந்தால் அந்தத் துண்டையே முழுசாக எடுக்க வேண்டிவரும். ஒரு மனிதர் இனி எப்படி மெல்லுவார், எப்படிப் பேசுவார் என்பது அந்தக் கறுப்பின் ஓரத்தில் இருக்கிறது.

அந்த ஓரமும் சில சமயம் ஏமாற்றும். பல் பிடுங்கிய இடத்து அழற்சியும் கறுப்பாகத் தெரியும். விழுங்கினால் படம் கலங்கும். டமாடியனைத் தோற்கடித்த அதே வீக்கம், ஐம்பது வருஷம் கழித்தும் ரேடியாலஜிஸ்டின் திரையில் உட்கார்ந்திருக்கிறது. அதனால்தான் நல்ல மருத்துவர் படத்தைப் பார்த்த பிறகும் விரலால் ஒருமுறை அழுத்திப் பார்க்கிறார்.