கமாய்ஷி: இரும்பாலை வளர்த்த ரக்பி அணி

ஜப்பான் என்றதும் பலருக்கும் சுமோவும் கராத்தேயும்தான் நினைவுக்கு வரும். ஆனால் முட்டை வடிவப் பந்துக்காகப் பக்கத்துக்குப் பதினைந்து பேர் மோதும் ரக்பிக்கும் அங்கே நீண்ட வரலாறு உண்டு. அதில் கமாய்ஷி என்ற சிறிய ஊருக்குத் தனி இடம்.

வடகிழக்குக் கடற்கரையில், இவாத்தே மாகாணத்தில் இருக்கிறது கமாய்ஷி. மீன்பிடித் துறைமுகமும் இரும்பாலையும்தான் ஊரின் அடையாளம். 1857-இல் ஒஷிமா தகாத்தோ என்பவர் மேற்கத்திய பாணி ஊதுலையில் இரும்பு உருக்கிக் காட்டியது இந்தப் பகுதியில்தான். 1960களின் தொடக்கத்தில் ஊரின் மக்கள்தொகை 90,000-ஐத் தாண்டியிருந்தது.

1959-இல் ஃபுஜி இரும்பு எஃகு நிறுவனம் தன் கமாய்ஷி ஆலையில் ரக்பி அணியைத் தொடங்கியது. 1970-இல் அந்த நிறுவனம் யவாத்தா நிறுவனத்தோடு இணைந்து நிப்பான் ஸ்டீல் ஆனது. அணியின் பெயரும் மாறியது.

கம்பெனி அணி என்றால் என்ன? ஆட்டக்காரர்கள் ஆலையின் ஊழியர்கள். பயிற்சி எல்லாம் வேலை முடிந்த பிறகுதான். இந்த அணியில் வடகிழக்குப் பகுதியில் பள்ளிப் படிப்பை முடித்து நேராக ஆலைக்கு வந்தவர்கள் பலர்.

அந்தக் காலத்தில் கம்பெனி அணிகளின் சாம்பியனும் பல்கலைக்கழகச் சாம்பியனும் ஜனவரியில் டோக்கியோவில் மோதுவார்கள். வென்றவரே தேசிய சாம்பியன். 1979 முதல் 1985 வரை தொடர்ந்து ஏழு முறை வென்றது கமாய்ஷி! ஏழாவது வெற்றி, 1985 ஜனவரி 15 அன்று தோஷிஷா பல்கலைக்கழகத்துக்கு எதிராக, 31-17. அணியை வழிநடத்திய மட்சுவோ யூஜி அத்துடன் ஓய்வு பெற்றார். வலை நிறைய மீன் கிடைத்த நாளில் படகில் ஏற்றும் வண்ணக் கொடிகளைத்தான் கமாய்ஷி ரசிகர்கள் மைதானத்தில் வீசுவார்கள்.

ஆனால் எஃகுத் தொழில் சரிந்தது. 1989 மார்ச்சில் கமாய்ஷியின் கடைசி ஊதுலையும் அணைக்கப்பட்டது. வேலை தேடி மக்கள் வெளியேறினார்கள். 2001-இல் கம்பெனி அணி என்ற நிலையும் முடிந்தது. அணி கலைந்துபோயிருக்கலாம். ஊர் மக்கள் விடவில்லை. 'கமாய்ஷி சீவேவ்ஸ்' என்ற பெயரில் அது ஊரின் கிளப்பாக மாறியது.

2011 மார்ச் 11 சுனாமியில் இந்த ஊரில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர் அல்லது காணாமல் போயினர். அப்போது அணியில் இருந்த ஆஸ்திரேலியர் ஸ்காட் ஃபார்டி, நாடு திரும்பும் வாய்ப்பு இருந்தும் தங்கினார். சக வீரர்களோடு நிவாரணப் பொருட்களைச் சுமந்தார். பின்னர் அவர் ஆஸ்திரேலிய தேசிய அணிக்கே ஆடினார் என்பது குறிப்பிடத்தக்கது.

உனோசுமாய் பகுதியில் இரண்டு பள்ளிகளைச் சுனாமி அழித்தது. அன்று பள்ளியில் இருந்த மாணவர்கள் மேட்டுக்கு ஓடி உயிர் தப்பினார்கள். அதே இடத்தில் 2018-இல் ஒரு மைதானம் திறக்கப்பட்டது. 2019 செப்டம்பர் 25 அன்று அங்கே உலகக் கோப்பை ஆட்டம் நடந்தது. 14,000-க்கும் மேற்பட்டோர் பார்க்க, உருகுவே 30-27 என்று ஃபிஜியை வீழ்த்தியது. அங்கும் அதே மீனவர் கொடிகள் பறந்தன. அடுத்த மாதம் நடக்கவிருந்த நமீபியா-கனடா ஆட்டம் புயலால் ரத்தானபோது, கனடா வீரர்கள் தெருவில் இறங்கிச் சேற்றை அள்ளினார்கள்.

2020 கணக்கெடுப்பில் ஊரின் மக்கள்தொகை சுமார் 32,000 மட்டுமே. ஏழு கோப்பைகளுக்குப் பிறகு அணி மறுபடி தேசிய சாம்பியன் ஆகவில்லை. உலையை மூடலாமா வேண்டாமா என்பது கம்பெனியின் கணக்கு. அணி இருக்க வேண்டும் என்பது ஊரின் முடிவு. கமாய்ஷியில் ரக்பி பிழைத்தது இரண்டாவதால்தான்.