ஒளியிழை அணுகு வலையமைப்பில் சீரொளி அதிர்வெண் நிலைப்படுத்தல்

ஒளியிழை அணுகு வலையமைப்பில் சீரொளி அதிர்வெண் நிலைப்படுத்தல் என்பது, தொலைபேசி நிலையத்தை வீடுகளுடனும் அலுவலகங்களுடனும் இணைக்கும் ஒளியிழைத் தடத்தில், சீரொளி (லேசர்) தனக்குரிய அதிர்வெண்ணிலிருந்து விலகாமல் காக்கும் முறைகளைக் குறிக்கும். ஒரே இழையில் பல அலைவரிசைகள் நெருக்கமாகச் செல்லும்போது, விலகிய சீரொளி அடுத்த அலைவரிசையினுள் புகுந்து, அதைப் பயன்படுத்துவோரின் இணைப்பையும் கெடுக்கும்.

விலகலின் காரணம்

குறைக்கடத்திச் சீரொளியின் ஒளிவிலகல் எண் வெப்பநிலையைப் பொறுத்து மாறுகிறது. 1550 நானோமீட்டர் அளவில் இயங்கும் பரவல் பின்னூட்டச் சீரொளியில், வெப்பநிலை 1 பாகை செல்சியசு உயர்ந்தால் அலைநீளம் ஏறத்தாழ 0.1 நானோமீட்டர் கூடும். அதிர்வெண் ஏறத்தாழ 12 கிகாஎர்ட்சு குறையும். சீரொளிக்குச் செலுத்தப்படும் மின்னோட்டம் மாறினாலும் விலகல் நேரும்.

எடுத்துக்காட்டு

ஆந்திர எல்லையை அடுத்த கோயில் நகரான திருத்தணி, கோடையில் தமிழ்நாட்டின் மிக வெப்பமான இடங்களுள் ஒன்றாகும். அங்கு வெப்பநிலை 40 பாகையைக் கடப்பதுண்டு. குளிர்கால இரவின் 20 பாகையோடு ஒப்பிட்டால் வேறுபாடு 20 பாகை. விலகல் 2 நானோமீட்டர். அலைவரிசைகளுக்கு இடையிலான தொலைவு 100 கிகாஎர்ட்சு (0.8 நானோமீட்டர்) எனில், கட்டுப்படுத்தப்படாத சீரொளி இரண்டு அலைவரிசைகளைத் தாண்டிவிடும்.

முறைகள்

* வெப்பநிலைக் கட்டுப்பாடு: பெல்டியர் விளைவில் இயங்கும் குளிர்விப்பி சீரொளியை ஒரே வெப்பநிலையில் வைக்கிறது. இதற்குக் கூடுதல் மின்சாரமும் செலவும் தேவை.
* அலைநீளப் பூட்டு: ஒளியின் ஒரு பகுதி பாப்ரி-பெரோ வடிகட்டி வழியே ஒளியுணர்வியை அடைகிறது. அங்கு ஒளியின் அளவு மாறினால் விலகல் அறியப்பட்டு, பின்னூட்டத்தால் திருத்தப்படுகிறது.
* நிலையத்தின் வழிகாட்டல்: நிலையக் கருவி, வரும் சைகையை அளந்து, அதிர்வெண்ணைக் கூட்டவோ குறைக்கவோ வீட்டுக் கருவிக்குச் செய்தி அனுப்புகிறது.

வீட்டுக் கருவி தன் முறை வரும்போது மட்டும் ஒளியை அனுப்புவதால், ஒவ்வொரு முறையும் சீரொளி சூடேறி, தொடக்கத்தில் சற்றே விலகும். இதைத் திருத்துவது கடினமானது.

அகன்ற பட்டை

2003 முதல் வெளியான ஜி.984 பரிந்துரைகளின்படி அமைந்த ஜிபான் முறை இச்சிக்கலைத் தவிர்த்தது. வீட்டிலிருந்து செல்லும் ஒளிக்கு முதலில் 1260 முதல் 1360 நானோமீட்டர் வரை இடம் ஒதுக்கப்பட்டது. பயனர்கள் ஒரே அலைநீளத்தை நேரப் பங்கீட்டில் பயன்படுத்துவதால், குளிர்விப்பியில்லாத மலிவான சீரொளியே போதுமானது. இந்தியாவில் 2011 இல் ஒப்புதல் பெற்று, பின்னர் பாரத்நெட் எனப் பெயர் மாறிய ஊராட்சி இணைப்புத் திட்டத்தின் முதற்கட்டம் ஜிபான் முறையைப் பயன்படுத்தியது.

நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட அலைநீளங்களைப் பயன்படுத்தும் ஜி.989 முறையில் இவ்வகன்ற இடம் இல்லை. எனவே அதில் வீட்டுக் கருவியின் சீரொளியையும் நிலைப்படுத்த வேண்டியுள்ளது. இதனால் ஏறும் கருவியின் விலை, அம்முறை பரவலாவதற்குத் தடைகளுள் ஒன்றாகும்.