கதீட்ரல்: நூறு கட்டங்களில் ஒரு நகரம், இருவருக்கு ஓர் ஆட்டம்

இருவர் எதிரெதிரே அமர்ந்து, ஒரே நகரத்துக்குள் ஆளுக்கொரு பக்கம் கட்டடம் எழுப்பும் பலகை விளையாட்டு கதீட்ரல். பகடைக்காய் இல்லை, சீட்டு இல்லை. ஆடு புலி ஆட்டத்தைப் போலவே எல்லாக் காய்களும் இருவர் கண்ணுக்கும் தெரியும். பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் ஆட்டம் முடிந்துவிடும்.

ஆகாயத்தில் பிறந்த எண்ணம்

இதை உருவாக்கியவர் நியூசிலாந்து விமானப் படையின் விமானி ராபர்ட் மூர். கிறைஸ்ட்சர்ச் நகரின் மேலே பறந்தபோது, நடுவில் பேராலயமும் சுற்றிலும் கட்டடங்களுமாகத் தெரிந்த காட்சியே இந்த விளையாட்டுக்கு வித்திட்டது. 1960களில் தொடங்கிய முயற்சி, 1970களின் இறுதியில் விற்பனைக்கு வந்தது.

கிறைஸ்ட்சர்ச் பேராலயத்துக்கு 1864இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1904இல் கட்டுமானம் நிறைவு பெற்றது. 2011 பிப்ரவரி 22இல் 185 பேரைப் பலிகொண்ட நிலநடுக்கத்தில் அதன் கோபுரம் இடிந்து விழுந்தது. ஆனால், மூரின் பலகையில் பேராலயத்துக்கு இன்றும் முதல் இடம்தான்.

பலகையும் காய்களும்

மதிலால் சூழப்பட்ட பலகையில் பத்துக்குப் பத்து என 100 கட்டங்கள் உள்ளன. ஒவ்வொருவருக்கும் 14 கட்டடங்கள். மதுக்கடை இரண்டு, தலா ஒரு கட்டம். குதிரை லாயம் இரண்டு, தலா இரண்டு கட்டம். சத்திரம் இரண்டும் பாலம் ஒன்றும் தலா மூன்று கட்டம். சதுக்கம், மாளிகை, மடம் ஆகியவை தலா நான்கு. கோட்டை, கோபுரம், மருத்துவமனை, கல்விக்கூடம் ஆகியவை தலா ஐந்து.

கூட்டிப் பார்த்தால் ஆளுக்கு 47 கட்டங்கள். யாருக்கும் சொந்தமில்லாத பேராலயம், சிலுவை வடிவில் ஆறு கட்டங்களைப் பிடிக்கும். மொத்தம் சரியாக 100. கணக்குப்படி எல்லாருக்கும் இடம் உண்டு. ஆனால், இருவரும் நிலத்துக்குப் போட்டி போடும்போது அந்தக் கணக்கு பொய்த்துவிடும். யாருக்காவது இடம் பற்றாமல் போகும். ஆட்டத்தின் சுவாரசியமே அங்குதான் இருக்கிறது.

ஆடும் முறை

முதலில் ஒருவர் பேராலயத்தை வைப்பார். அடுத்தவர் தமது முதல் கட்டடத்தை வைப்பார். பிறகு மாறி மாறி ஒவ்வொன்றாக வைக்க வேண்டும். வைத்த கட்டடத்தை நகர்த்த முடியாது.

தமது கட்டடங்களாலோ, கட்டடங்களும் மதிலும் சேர்ந்தோ ஓர் இடத்தை முழுதாக வளைத்துவிட்டால் அந்த நிலம் அவருக்கே சொந்தம். எதிராளி அதற்குள் கட்ட முடியாது. கட்டடங்கள் பக்கத்தோடு பக்கம் ஒட்டியிருக்க வேண்டும். மூலைக்கு மூலை தொட்டால் அது வேலியாகாது.

வளைத்த இடத்துக்குள் எதிராளியின் கட்டடம் ஒன்றே ஒன்று இருந்தால், அது பெயர்க்கப்பட்டு அவர் கைக்கே திரும்பும். அதை அவர் வேறிடம் தேடி மறுபடி வைக்க வேண்டும். பேராலயம் மட்டும் தனியாகச் சிக்கினால், அது ஆட்டத்தை விட்டே போய்விடும். ஆனால், உள்ளே இரண்டு கட்டடங்கள் இருந்தால் அந்த இடத்தைச் சொந்தம் கொண்டாட முடியாது. எனவே, எதிராளியின் வேலிக்குள் தனித்து நிற்கும் கட்டடத்துக்குச் சீக்கிரம் ஒரு துணையைச் சேர்ப்பதே பாதுகாப்பு.

இருவருக்கும் இனி வைக்க இடமில்லை என்றானதும் கணக்குப் பார்க்கப்படும். கையில் மிஞ்சிய கட்டடங்களின் கட்டங்களைக் கூட்டி, குறைவாக உள்ளவர் வென்றவர். ஒருவரிடம் ஒரு கோபுரமும் ஒரு லாயமும் மிஞ்சினால் ஏழு. மற்றவரிடம் இரண்டு சத்திரங்கள் மிஞ்சினால் ஆறு. ஒரு கட்ட வித்தியாசத்தில் வெற்றி கைமாறும்.

புதியவர்கள் செய்யும் பிழை

முதல் பிழை பேராசை. பாதிப் பலகையை வளைக்கப் பார்த்தால் வேலி முடிவதற்குள் எதிராளி உள்ளே இரண்டு கட்டடங்களை வைத்துவிடுவார். பட்ட பாடு வீண். மூலையை ஒட்டி, இரண்டு மூன்று கட்டடங்களில் அடைக்கக்கூடிய அளவான நிலமே கைக்கு நிற்கும்.

இரண்டாவது பிழை, வளைத்த நிலத்தில் உடனே குடியேறுவது. சொந்தமாகிவிட்ட நிலம் எங்கும் ஓடிவிடாது. பொது நிலமோ ஒவ்வொரு முறையும் சுருங்கிக்கொண்டே வரும். அதனால், பொது நிலத்தில் இடம் உள்ளவரை அங்கே கட்டிவிட்டு, சொந்த நிலத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்வதே அனுபவசாலிகளின் வழக்கம்.

மூன்றாவது, சிறிய காய்களை முதலிலேயே செலவழிப்பது. ஐந்து கட்டக் கட்டடங்களுக்குக் கடைசியில் இடம் கிடைப்பது அரிது. ஒற்றைக் கட்ட மதுக்கடை எந்தச் சந்திலும் நுழைந்துவிடும். கோட்டையின் திறந்த பக்கம் மதிலை ஒட்டி நின்றால் நடுவில் ஒரு கட்டம் அடைபடும். அது மதுக்கடைக்கென்றே காத்திருக்கும் இடம்.

வீட்டிலேயே பழகலாம்

விளையாட்டுப் பெட்டியை வாங்குமுன் ஆடிப் பார்க்க விரும்புவோர், தடித்த அட்டையில் கட்டம் போட்டு, இரு நிறத் தாள்களில் காய்களை வெட்டிக்கொள்ளலாம். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். இருவரின் மடமும் கல்விக்கூடமும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம் போன்றவை. காயை எந்தத் திசைக்கும் திருப்பலாம்; கவிழ்த்துப் போடக்கூடாது.

பள்ளிப் பிள்ளையும் தாத்தாவும் சமமாக உட்கார்ந்து ஆடக்கூடியது இந்த ஆட்டம். தோற்றவர் அதிர்ஷ்டத்தைக் குறை சொல்ல முடியாது. எந்த இடத்தில் வேலியைத் திறந்து விட்டோம் என்று பலகையே காட்டிக்கொடுத்துவிடும்.