வெல்லக் கூடியவர் யார்?

மக்களாட்சியில் மக்களே தம் தலைவரைத் தேர்ந்தெடுக்கின்றனர் என்று நாம் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். அது உண்மையே, எனினும் முழு உண்மையன்று. வாக்குச் சாவடிக்குச் செல்லும் குடிமகன் கையில் தரப்படும் சீட்டில், வெற்றி வாய்ப்புள்ள பெயர்கள் இரண்டோ மூன்றோதான் இருக்கும். கோடிக்கணக்கான மக்கள் வாழும் நாட்டில் அந்த இரண்டு மூன்று பெயர்களை முன்னரே பொறுக்கி வைத்தவர்கள் யார்? எந்த அளவுகோலைக் கொண்டு பொறுக்கினார்கள்?

இவ்வினாக்களுக்கு அமெரிக்க ஐக்கிய நாட்டு வரலாறு தெளிவான விடை தருகிறது. அங்கே குடியரசுத் தலைவர் பதவி அலங்காரப் பதவியன்று. நிர்வாக அதிகாரம் அனைத்தும் அவர் கையில் இருக்கிறது. ஆகவே வேட்பாளரைத் தேடும் கட்சிகள், "தகுதியுடையவர் யார்?" என்று கேட்பதோடு, "வெல்லக் கூடியவர் யார்?" என்றும் கேட்டு வந்திருக்கின்றன. இவ்விரு கேள்விகளுக்கும் ஒரே மனிதர் விடையாக வாய்த்த காலமும் உண்டு. வாய்க்காத காலமும் உண்டு. அவற்றுள் சிலவற்றை ஈண்டுக் காண்போம்.

மாநாடு பிறந்த வரலாறு

தொடக்க காலத்தில் காங்கிரஸ் சபையிலிருந்த கட்சி உறுப்பினர்கள் தமக்குள் கூடிப் பேசியே வேட்பாளரை முடிவு செய்தனர். 1824-ஆம் ஆண்டில் அவ்வாறு நிறுத்தப்பட்ட வில்லியம் கிராஃபோர்டு மூன்றாம் இடத்துக்குத் தள்ளப்பட்டார். அத்துடன் அம்முறை செல்வாக்கிழந்தது. 1830-களின் தொடக்கத்திலிருந்து ஒவ்வொரு மாநிலமும் பேராளர்களை அனுப்ப, அவர்கள் கூடும் மாநாட்டில் வேட்பாளரைத் தெரிவு செய்யும் வழக்கம் வேரூன்றிற்று.

தேர்தல் முறையிலும் ஒரு நுட்பம் உண்டு. ஒவ்வொரு மாநிலத்துக்கும் மக்கள்தொகையை ஒட்டிக் குறிப்பிட்ட எண்ணிக்கையில் தேர்வாளர் வாக்குகள் உண்டு. ஒரு மாநிலத்தில் முந்தி நிற்பவருக்கே பெரும்பாலும் அம்மாநிலத்தின் எல்லாத் தேர்வாளர் வாக்குகளும் சேரும். எனவே நாடெங்கும் புகழ் பெற்றவர் என்பது மட்டும் போதாது. ஊசலாடும் சில மாநிலங்களைக் கவரவும் வேண்டும். கட்சித் தலைவர்களின் கணக்குகளெல்லாம் இந்த இடத்திலிருந்தே தொடங்கின.

1860: சிக்காகோ

அடிமை முறை புதிய நிலப்பகுதிகளில் பரவக் கூடாது என்னும் கொள்கையோடு 1854-இல் தோன்றியது குடியரசுக் கட்சி. 1856-இல் அது முதன்முதலாக நிறுத்திய வேட்பாளர் ஜான் ஃப்ரீமாண்ட் 114 தேர்வாளர் வாக்குகள் பெற்றுத் தோற்றார். வெற்றிக்கு வேண்டியவை 149. பென்சில்வேனியாவின் 27 வாக்குகளும், அவற்றோடு இந்தியானாவின் 13 அல்லது இல்லினாயின் 11 வாக்குகளும் கிடைத்திருந்தால் அவர் வென்றிருப்பார். இந்தச் சிறு கணக்கு அடுத்த நான்கு ஆண்டுகளும் கட்சிக்காரர்களின் மனத்தை விட்டு அகலவில்லை.

1860-ஆம் ஆண்டு மே 16-ஆம் நாள் கட்சியின் இரண்டாம் மாநாடு சிக்காகோ நகரில், அதற்கெனவே மரத்தால் எழுப்பப்பட்ட பெரியதொரு கூடத்தில் கூடியது. அன்று கட்சியின் முதல் தலைவர் நியூயார்க்கைச் சேர்ந்த வில்லியம் சீவர்ட் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஆளுநராக இருந்தவர், செனட் சபையில் பல்லாண்டு பணியாற்றியவர், அடிமை முறைக்கு எதிராக ஓங்கி ஒலித்த குரலுக்கு உரியவர். அவருடைய ஊராகிய ஆபர்னில் வெற்றிச் செய்தியை வரவேற்கப் பீரங்கியும் ஆயத்தமாக இருந்தது.

ஆனால் பென்சில்வேனியாவிலும் இந்தியானாவிலும் ஆளுநர் பதவிக்குப் போட்டியிட்ட ஆண்ட்ரூ கர்ட்டின், ஹென்றி லேன் ஆகிய இருவரும், சீவர்ட் நிறுத்தப்பட்டால் தம் மாநிலங்கள் கைநழுவும் என்று பேராளர் தோறும் சென்று எச்சரித்தனர். சீவர்ட்டின் பேச்சுகள் தீவிரமானவை என்ற பெயர் பெற்றிருந்தன. வடக்குக்கும் தெற்குக்கும் இடையே தவிர்க்க முடியாத மோதல் நிகழும் என்று 1858-இல் அவர் பேசியது நடுநிலையாளரை அச்சுறுத்திற்று.

மற்றொரு காரணமும் உண்டு. நாம் நின்று நோக்க வேண்டியது அதுவே. அக்காலத்தில் அயர்லாந்திலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் கத்தோலிக்கர் பெருந்திரளாக அமெரிக்காவில் குடியேறினர். நியூயார்க் நகரப் பொதுப் பள்ளிகளில் புரொட்டஸ்டண்ட் சாயல் மிகுந்திருந்ததால், கத்தோலிக்கப் பெற்றோர் பலர் தம் குழந்தைகளை அங்கே அனுப்பவில்லை. குழந்தைகள் எழுத்தறிவின்றித் தெருவில் திரிந்தனர். அப்போது ஆளுநராக இருந்த சீவர்ட், குடியேறியவர்களின் குழந்தைகளுக்கு அவர்களுடைய மொழி பேசும், அவர்களுடைய சமயம் சார்ந்த ஆசிரியர்களே கற்பிக்கும் பள்ளிகளை நிறுவ வேண்டும் என்று 1840-இல் சட்டமன்றத்துக்குப் பரிந்துரைத்தார். தாம் அச்சமயத்தைச் சேராதவராக இருந்தும், சிறுபான்மையினரின் குழந்தைகளும் குடியரசின் குழந்தைகளே என்று கருதியவர் அவர்.

குடியேறியவர்களையும் கத்தோலிக்கரையும் வெறுத்த கூட்டம் இதனை மறக்கவில்லை, மன்னிக்கவுமில்லை. 1850-களில் அக்கூட்டம் தனிக் கட்சியாகவே வளர்ந்து சிதறிற்று. சிதறியவர்களின் வாக்குகள் பென்சில்வேனியா போன்ற மாநிலங்களில் வெற்றி தோல்வியை முடிவு செய்யும் நிலையில் இருந்தன. இருபது ஆண்டுகளுக்கு முன்பு செய்த ஒரு நற்செயல் சீவர்ட்டின் வழியில் தடைக்கல்லாகக் கிடந்தது.

சரி, வேறு யாரை நிறுத்துவது? ஒஹாயோவின் சால்மன் சேஸ் சீவர்ட்டைப் போலவே தீவிரவாதியாகக் கருதப்பட்டார். மிசௌரியின் எட்வர்டு பேட்ஸ், குடியேற்ற எதிர்ப்பாளர் நிறுத்திய வேட்பாளரை 1856-இல் ஆதரித்ததால் ஜெர்மானியர் அவரை ஏற்கவில்லை. பென்சில்வேனியாவின் சைமன் கேமரனுக்கு நேர்மையில் நற்பெயர் இல்லை. இவ்வாறு ஒவ்வொருவராகக் கழித்துவர, எஞ்சி நின்றவர் இல்லினாயின் வழக்கறிஞர் ஆப்ரகாம் லிங்கன்.

அவர் காங்கிரஸ் சபையில் ஒரே ஒரு தவணை இருந்தவர். செனட் பதவிக்கு இருமுறை முயன்று தோற்றவர். 1858-இல் ஸ்டீபன் டக்ளஸுடன் நடத்திய ஏழு சொற்போர்களும், 1860 பிப்ரவரியில் நியூயார்க்கில் ஆற்றிய பேருரையும் அவருக்குப் புகழ் தந்திருந்தன. குடியேறியவர் மீதான வெறுப்பை அவரும் அருவருத்தார். 1855-இல் நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் அதனைக் கடுமையாகச் சாடினார். ஆயினும் சீவர்ட்டைப் போல் அதிகாரப் பதவியில் அமர்ந்து பகை தேடிக்கொள்ளும் வாய்ப்பு அவருக்கு நேரவில்லை. பலருக்குத் தாம் முதல் தெரிவு அல்லர் என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார். எவரையும் புண்படுத்தாமல் இருந்தால், தம் முதல் தெரிவைக் கைவிட நேர்ந்தவர்கள் நம்மிடம் வருவார்கள் என்று அவ்வாண்டு மார்ச்சில் கடிதம் ஒன்றில் எழுதினார். அவருடைய நண்பர் டேவிட் டேவிஸ் மாநாட்டில் கையாண்ட உத்தியும் இதுவே.

மே 18-ஆம் நாள் வாக்கெடுப்பு நடந்தது. வெற்றிக்கு வேண்டியவை 233 வாக்குகள். முதல் சுற்றில் சீவர்ட்டுக்கு 173½, லிங்கனுக்கு 102. இரண்டாம் சுற்றில் பென்சில்வேனியா லிங்கன் பக்கம் சாய்ந்தது: சீவர்ட் 184½, லிங்கன் 181. மூன்றாம் சுற்றில் லிங்கன் 231½ வாக்குகளை எட்டினார். இன்னும் ஒன்றரை வாக்கே குறை. ஒஹாயோப் பேராளர் ஒருவர் எழுந்து தம் மாநிலத்தின் நான்கு வாக்குகள் லிங்கனுக்கு மாறுவதாக அறிவித்தார். கூடம் அதிர்ந்தது. ஆபர்னில் பீரங்கி முழங்கவில்லை.

நவம்பரில் லிங்கன் 180 தேர்வாளர் வாக்குகளோடு வென்றார். பென்சில்வேனியா, இந்தியானா, இல்லினாய் மூன்றும் அவருக்கே கிடைத்தன. எனினும் மக்கள் வாக்கில் அவர் பெற்றது நூற்றுக்கு 40-க்கும் சற்றுக் குறைவே. ஜனநாயகக் கட்சி இரண்டாகப் பிளந்து இருவரை நிறுத்தியதும், நான்காவதாக ஒருவர் போட்டியிட்டதும் வாக்குகளைச் சிதறடித்தன. தோற்ற சீவர்ட் மனம் கசந்து ஒதுங்கவில்லை. லிங்கனுக்காக ஊர் ஊராகச் சென்று வாக்குக் கேட்டார். பின்னர் அவருடைய வெளியுறவு அமைச்சராகவும் பணியாற்றினார்.

பகை குறைந்தவர் என்பதற்காகத் தெரிவு செய்யப்பட்ட லிங்கன், வரலாற்றின் மாபெரும் தலைவருள் ஒருவராக உயர்ந்தார். ஆனால் அந்த மரக்கூடத்தில் வாக்களித்த பேராளருள் எத்தனை பேர் அதனை முன்னறிந்திருக்க முடியும்? அவர்கள் எண்ணியது பென்சில்வேனியாவை!

அதே கணக்கு, வேறு விளைவு

நான்கே ஆண்டுகளில் அதே கணக்கு மீண்டும் போடப்பட்டது. உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1864-இல், எதிர்க்கட்சியினரின் வாக்குகளையும் கவரும் நோக்கில், துணைத் தலைவர் ஹானிபல் ஹாம்லினை விலக்கிவிட்டு, டென்னசியைச் சேர்ந்த ஜனநாயகக் கட்சிக்காரரான ஆண்ட்ரூ ஜான்சனை அவ்விடத்துக்கு நிறுத்தினர். லிங்கன் இரண்டாம் முறையும் வென்றார். 1865 ஏப்ரலில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டபோது, ஜான்சன் குடியரசுத் தலைவரானார். விடுதலை பெற்ற கறுப்பு மக்களுக்குக் குடியுரிமை வழங்கும் 1866-ஆம் ஆண்டுச் சட்டத்தை அவர் தம் தடையதிகாரத்தால் மறுத்தார். காங்கிரஸ் சபை அத்தடையை மீறிச் சட்டத்தை நிறைவேற்ற வேண்டியதாயிற்று. சில வாக்குகளுக்காகச் செய்த ஏற்பாட்டின் சுமையை, வாக்குரிமையே இல்லாத மக்கள் தாங்க நேர்ந்தது.

1920-இல் குடியரசுக் கட்சி மீண்டும் சிக்காகோவில் கூடியது. முன்னணியில் நின்ற ஜெனரல் லியோனார்டு வுட், ஆளுநர் ஃபிராங்க் லோடன் இருவரும் ஒருவரையொருவர் தடுத்து நிற்க, மாநாடு முடங்கிற்று. பிளாக்ஸ்டோன் ஹோட்டலின் புகை மண்டிய அறையில் கட்சிப் பெரியவர்கள் நள்ளிரவு தாண்டியும் பேசினர். முதல் சுற்றில் வெறும் 65½ வாக்குகள் பெற்றிருந்த ஒஹாயோ செனட்டர் வாரன் ஹார்டிங், பத்தாம் சுற்றில் வேட்பாளரானார். கம்பீரமான தோற்றம், இனிய பேச்சு, பகைவர் இல்லாமை ஆகியவையே அவருடைய தகுதிகள். கணக்கு பொய்க்கவில்லை, மக்கள் வாக்கில் நூற்றுக்கு 60 அளவுக்குப் பெற்று வென்றார். ஆனால் அவர் நம்பிப் பதவியளித்தவர்கள் நாட்டைச் சுரண்டினர். எண்ணெய் வயல் குத்தகை ஊழலில் அவருடைய உள்துறை அமைச்சர் ஆல்பர்ட் ஃபால் பின்னர் சிறை சென்றார். ஹார்டிங் 1923-இல் பதவிக் காலத்திலேயே மறைந்தார்.

அறையிலிருந்து தெருவுக்கு

1968-இல் சிக்காகோ மூன்றாம் முறையாக நம் கதைக்குள் வருகிறது. வியட்நாம் போரால் நாடு கொந்தளித்த வேளையில், ஜனநாயகக் கட்சி துணைத் தலைவர் ஹூபர்ட் ஹம்ஃப்ரியை நிறுத்தியது. கட்சியின் சாதாரண வாக்காளர்கள் பங்கு பெறும் முன்தேர்தல் எதிலும் அவர் போட்டியிடவில்லை. மாநாட்டுக் கூடத்துக்கு வெளியே போர் எதிர்ப்பாளர்களைக் காவல் துறை தாக்கியதை நாடே தொலைக்காட்சியில் கண்டது. நவம்பரில் ஹம்ஃப்ரி நிக்சனிடம் தோற்றார்.

அதன்பின் விதிகள் மாற்றப்பட்டன. முன்தேர்தல்களே வேட்பாளரை முடிவு செய்யும் முறை வலுப்பெற்றது. ஆனால் புதிய விதிகளை வகுத்த குழுவின் தலைவராக இருந்த ஜார்ஜ் மெக்கவர்ன், அவ்விதிகளின்படியே 1972-இல் வேட்பாளராகி, ஐம்பது மாநிலங்களில் நாற்பத்தொன்பதை இழந்தார். கட்சித் தொண்டரின் உள்ளம் கவர்ந்தவர் நாட்டின் உள்ளத்தையும் கவர்வார் என்பதற்கு உறுதியில்லை என்பது அப்போது புலனாயிற்று. 2024-இல் ஜோ பைடன் முன்தேர்தல்களில் வென்றபின் ஜூலையில் விலகிக்கொள்ள, தமிழகத்துத் தாய்வழியினரான கமலா ஹாரிஸைப் பேராளர்களே வேட்பாளராக்கினர். அவரைக் கொண்டாடிய மாநாடும் சிக்காகோவிலேயே கூடியது. தேர்தலில் அவர் தோற்றார்.

நாம் கேட்க வேண்டியது

வெற்றியைக் கருதாத கட்சி தன் கொள்கையை நிறைவேற்ற இயலாது. ஆகவே வெல்லக் கூடியவரைத் தேடுவதை நாம் குறை சொல்வதற்கில்லை. ஆனால் பகைவர் இல்லாதவரைத் தேடும்போது, அவருக்குப் பகைவர் ஏன் இல்லை என்றும் கேட்க வேண்டும். பண்பினாலும் பொறுமையினாலும் பகை தவிர்த்தவர் உண்டு. எந்த எளியவருக்காகவும் ஒருமுறையேனும் வாய் திறவாமையால் பகை தவிர்த்தவரும் உண்டு. லிங்கனும் ஹார்டிங்கும் ஒரே வாயில் வழியாகத்தான் உள்ளே வந்தனர்.

சீவர்ட்டை நாம் மறத்தல் ஆகாது. தம் சமயத்தைச் சேராத ஏழைக் குழந்தைகளின் கல்விக்காகப் பேசியது அவர் குடியரசுத் தலைவர் பதவியை இழந்ததற்கான காரணங்களுள் ஒன்று. தமக்காகப் பேசியவர் அதனால் வாக்கிழக்கும்போது அவருக்குத் தோள் கொடுக்கும் சமுதாயத்துக்கே, நாளை பேசுவதற்கு ஆள் கிடைக்கும். வாக்குச் சீட்டில் பெயர் ஏறிய பின்னர் விழித்துக்கொள்வதைவிட, பெயர் பொறுக்கப்படும் காலத்திலேயே விழித்திருப்பது குடிமக்களுக்கு நலம் பயக்கும்.