விலையில்லா மடிக்கணினியும் விரட்டப்பட்ட லினக்ஸும்

ரொம்ப நாளாக எழுத நினைத்துத் தள்ளிப் போட்ட விஷயம் இது. போன வாரம் பக்கத்துத் தெரு அக்கா ஒருத்தர் பழைய லேப்டாப் ஒன்றைப் பையோடு தூக்கிக்கொண்டு வந்ததில் மறுபடி கிளம்பிவிட்டது.

அக்கா தறி ஓட்டுறவங்க. அவங்க மகள் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ படிச்சப்ப, 2019ல கொடுத்த மடிக்கணினி அது. மூடியில் தமிழ்நாடு அரசு முத்திரை அப்படியே இருக்கு. மகளுக்குக் கல்யாணம் ஆகிப் போயாச்சு. இப்ப பையன் பி.காம். சேர்ந்திருக்கான்.

"ஏந்தம்பி, இதுல இனிமே அப்டேட்டே வராதாம். கடையில கேட்டா எக்சேஞ்சுல போட்டுட்டுப் புதுசு எடுத்துக்கங்கன்றாங்க. மேல எவ்வளவு போடோணும்னு கேட்டா தலை சுத்துது. பையனுக்கு இதே ஆகும்னா சொல்லு சாமி."

அப்டேட் வராது என்பது உண்மைதான். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஓடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்குப் போகலாம் என்றால் அது டிபிஎம் 2.0 கேட்கும், அவர்கள் பட்டியலில் இருக்கும் ப்ராசஸர் கேட்கும். அக்காவின் பொட்டி அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் கீபோர்டு நல்லா இருக்கு, திரை நல்லா இருக்கு. பொட்டிக்கு ஒரு கேடும் இல்லை.

ஆன் பண்ணியதும் நான் தேடியது வேறொன்று. இந்த அரசு மடிக்கணினிகளைத் திறந்தால் சில விநாடி ஒரு கறுப்புத் திரை வரும். அதில் விண்டோஸ் ஒரு வரி, பாஸ் லினக்ஸ் ஒரு வரி. அக்காவின் பொட்டியில் அந்தத் திரையே வரவில்லை. யாரோ பாஸை அழிச்சாச்சு.

யாரோ என்று ஏன் சொல்லணும்? 2011லிருந்து ரெண்டு மூணு வருஷம் எங்க தெருவிலும் சொந்தத்திலும் பத்துப் பதினஞ்சு மடிக்கணினிகளில் நானே அழிச்சிருக்கேன். "இது எதுக்குண்ணா, இடத்தை அடைச்சுக்கிட்டு" என்று பசங்க கேட்பாங்க. நானும் பெரிய பிஸ்தா மாதிரி பார்ட்டிஷனைத் தூக்கி, இடத்தை டி டிரைவோடு சேர்த்துக் கொடுப்பேன். அதனால் இந்தப் பதிவில் பாதி வரலாறு, பாதி வாக்குமூலம் :-)

சரி, கொசுவத்தியைக் கொஞ்சம் பின்னாடி சுத்துவோம்.

கொட்டேஷனில் இல்லாத ஒரு வரி

2000த்தை ஒட்டி எங்க பக்கம் கம்ப்யூட்டர் வாங்கணும்னா சேலத்துக்கு பஸ் ஏறணும். கடையில் ஒரு கொட்டேஷன் தாள் கொடுப்பாங்க. மதர்போர்டு, ராம், ஹார்ட் டிஸ்க், மானிட்டர், கேபினெட், யுபிஎஸ் என்று எல்லாத்துக்கும் தனித்தனி விலை போட்டிருக்கும். ஆபரேட்டிங் சிஸ்டம் என்று மட்டும் ஒரு வரி இருக்காது. அது தானா வரும். கடைப் பையன் ஒரு சிடியைப் போட்டு ஏத்திக் கொடுப்பான். காசு கொடுத்த விண்டோஸா, திருட்டு விண்டோஸா என்ற கேள்வியே நமக்குத் தோணாது.

எங்க நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் லாரி வாங்குறவங்களைப் பாருங்க. வெறும் சேஸிஸை வாங்கிட்டு வந்து பட்டறையில் விடுவாங்க. பாடி எப்படி வேணும், கேபின் எப்படி வேணும் என்று ஒவ்வொண்ணையும் கூடவே நின்னு கேட்டுக் கட்டுவாங்க. அதே ஆள் கம்ப்யூட்டர் வாங்கும்போது மட்டும் மேலே என்ன ஏறுதுன்னு ஒரு வார்த்தை கேட்க மாட்டார். கேட்கலாம் என்றே யாரும் சொல்லலை.

பிறகு லேப்டாப் விலை இறங்கியபோது, விலையைக் குறைக்க லினக்ஸோ ஃப்ரீடாஸோ போட்ட மாடல்கள் வந்தன. 2007 கடைசியில் அசூஸ் நிறுவனம் ஈ பிசி என்ற குட்டி லேப்டாப்பை லினக்ஸோடு விட்டது. 2008ல் நம்ம எச்சிஎல் மைலீப் வரிசையில் லினக்ஸ் போட்ட ஒன்றை 14 ஆயிரத்துக்குள் கொடுத்தது. அந்தக் குட்டி லேப்டாப் சந்தையை விட மனசில்லாமல்தான் மைக்ரோசாஃப்ட் வயசான எக்ஸ்பியை அதுக்கு மட்டும் தொடர்ந்து கொடுத்தது. இங்கே நம்மாளுங்க மிச்சப் பணத்துக்காக லினக்ஸ் மாடலை வாங்கி, அன்னைக்கே எக்ஸ்பி ஏத்திக்கிட்டாங்க.

எழுத்துரு போட்ட பூட்டு

இதுக்கு ஜனங்களை மட்டும் குறை சொல்ல முடியாது. காரணம் தமிழ். விண்டோஸ் 98ல் யூனிகோட் தமிழுக்கு ஆதரவு கிடையாது. 2000ல்தான் லதா எழுத்துருவோடு வந்தது. எக்ஸ்பியிலும் சிடியைப் போட்டு ஒரு டிக் அடித்தால்தான் கொம்பும் சுழியும் ஒழுங்கா உட்காரும். சிடி இல்லாமல் கட்டம் கட்டமாகப் பார்த்த அனுபவம் நம்மில் பலருக்கு இருக்கும். இ-கலப்பை இல்லாவிட்டால் நாமெல்லாம் எழுதவே வந்திருக்க மாட்டோம்.

ஆனால் ஊரில் தமிழ் அச்சாகிக் கொண்டுதான் இருந்தது, யூனிகோட் இல்லாமல். டிடிபி கடையில் பேஜ்மேக்கர், பாமினி மாதிரி எழுத்துருக்கள். அரசு அலுவலகங்களில் வானவில். ஒவ்வொண்ணுக்கும் ஒரு குறியாக்கம். அந்த எழுத்துரு இல்லாத பொட்டியில் திறந்தால் ஜிலேபி சுத்தின மாதிரி இருக்கும். 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் மாநாடு நடத்தி டாம், டாப் என்று தரம் வகுத்தார்கள், தமிழ் 99 விசைப்பலகையும் வந்தது. தமிழக அரசு யூனிகோடை அதிகாரபூர்வமாக ஏற்றது 2010 ஜூனில், கோவை செம்மொழி மாநாட்டு நேரத்தில்.

இடையில் போன 11 வருஷத்தில் ஒவ்வொரு கல்யாணப் பத்திரிகையும், மனுவும், வினாத்தாளும் விண்டோஸுக்குள் மாட்டிக்கொண்டன. பேஜ்மேக்கர் லினக்ஸில் ஓடாது. எந்த ஆபரேட்டிங் சிஸ்டம் நல்லது என்பதை ஜெராக்ஸ் கடையும் டிடிபி கடையும் நமக்காக எப்பவோ முடிவு பண்ணிவிட்டன.

இதில் ஒரு வேடிக்கை. அந்த வருஷங்களில் பிளஸ் டூ கணினி அறிவியல் பாடத்தில் இருந்தது எம்.எஸ். ஆபீஸ் இல்லை, ஸ்டார் ஆபீஸ்! சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தோடது. அதன் மூலநிரலில் இருந்துதான் ஓப்பன் ஆபீஸ் பிறந்தது, அதிலிருந்து 2010ல் லிப்ரே ஆபீஸ் பிரிந்தது. அதாவது லினக்ஸுக்கு வரவேண்டிய பயிற்சியில் பாதியை நம்ம பிள்ளைங்க மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் பண்ணியே முடிச்சிருந்தாங்க. பரீட்சை முடிஞ்சதும் மறந்துட்டாங்க, ஏன்னா வெளியே எந்தக் கடையிலும் அது இல்லை.

மேலே இருந்து வந்த முயற்சி

லினக்ஸ் பக்கம் அரசு திரும்பியது மடிக்கணினியில் தொடங்கவில்லை. 2006-07ல் எல்காட் நிறுவனத்தின் மேலாண்மை இயக்குநராக இருந்த உமாசங்கர் ஐ.ஏ.எஸ். தன் அலுவலகத்தையே சூசே லினக்ஸுக்கு மாற்றினார். பள்ளிகளுக்கு வாங்கின கணினிகளிலும் லினக்ஸ் போனது. அதே 2007ல் சென்னை சி-டாக் டெபியனை அடிப்படையாக வைத்து பாஸ் என்கிற பாரத் ஆபரேட்டிங் சிஸ்டத்தை வெளியிட்டது. இந்திய மொழிகளுக்கான ஏற்பாடு அதிலேயே உள்ளே இருந்தது. தமிழுக்கு சிடி தேட வேண்டாம், எழுத்துரு வாங்க வேண்டாம்.

பிறகு 2011 செப்டம்பர் 15. திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் முதல்வர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். முதல் வருஷத்துக்கு 9.12 லட்சம், அஞ்சு வருஷத்தில் 68 லட்சம் என்பது திட்டம். நடைமுறையில் 2020க்குள் 50 லட்சத்துக்கு மேல் கைக்குப் போய்ச் சேர்ந்தது. அரசு, அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளுக்கு மட்டும். எங்க மாவட்டத்தின் பேர்பெற்ற தனியார் விடுதிப் பள்ளிகளுக்குக் கிடையாது. மார்க் பட்டியலில் முன்னாடி நின்னவங்களுக்கு இல்லாமல், தறிக்காரர் வீட்டுக்கும் கோழிப்பண்ணையில் வேலை செய்றவர் வீட்டுக்கும் முதல் கம்ப்யூட்டர் வந்தது. இந்தத் திட்டத்தை எத்தனை கிண்டல் செய்தாலும் இந்த ஒண்ணை மறக்கக் கூடாது.

அதில் ரெண்டு ஆபரேட்டிங் சிஸ்டம். கடைக்காரன் கொடுக்காத தேர்வை முதல்முறையாக அரசாங்கம் கொடுத்தது. நாங்க என்ன செய்தோம்? அழிச்சோம்.

எனக்கு அப்பவே ஒரு பாடம் கிடைச்சும் புத்தி வரலை. 2012ல் ஒரு தம்பியின் பொட்டி மெதுவா ஓடுதுன்னு 2 ஜிபி ராமைக் கழட்டி 4 ஜிபி வாங்கிப் போட்டேன். அதில் இருந்தது விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர். அந்தப் பதிப்பு 2 ஜிபிக்கு மேல் பயன்படுத்தாது, வால்பேப்பரைக்கூட மாத்த விடாது. குறிப்பைப் படிக்காமல் வாங்கினது என் தப்பு. தம்பி கொடுத்த காசுக்கு ஒரு துளி பலன் இல்லை. 64 பிட் லினக்ஸ் போட்டிருந்தால் முழு ராமும் உழைச்சிருக்கும். நானோ அதுக்கு முந்தின வாரம்தான் அதில் இருந்த லினக்ஸை அழிச்சிருந்தேன்.

கேரளாவும் நாமும்

2013ல் அடுத்த சுற்று மடிக்கணினிகளில் விண்டோஸ் வேண்டாம், பாஸ் மட்டும் போதும் என்று செய்தி வந்தது. 2014 ஏப்ரல் 8ல் எக்ஸ்பி ஆதரவு முடியும் முன்னால், அரசுத் துறைகள் பாஸுக்கு மாறச் சொல்லப்பட்டன. ஆனால் நான் பார்த்த தாலுகா ஆபீஸ் மேஜைகளில் பெரிய மாற்றம் ஒண்ணும் தெரியலை. பின்னால் வந்த மடிக்கணினிகளில் விண்டோஸும் மறுபடி இருந்தது.

பக்கத்தில் கேரளாவைப் பாருங்க. அங்கே ஐடி அட் ஸ்கூல் திட்டம் 2001லேயே தொடங்கியது. தலைக்கு ஒரு லேப்டாப் எல்லாம் கொடுக்கலை. பள்ளி ஆய்வகத்தில் லினக்ஸ், பாடப்புத்தகத்தில் லினக்ஸ், செய்முறைத் தேர்விலும் லினக்ஸ். அதைவிட முக்கியம், முதலில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். பிறகு அந்தத் திட்டம் கைட் என்ற நிறுவனமாகி, உபுண்டுவில் இருந்து பள்ளிகளுக்கென்றே ஒரு பதிப்பும் வெளியிட்டது.

அவங்க பாடம் கொடுத்தாங்க, நாம பொட்டி கொடுத்தோம். நம்ம பொட்டியில் ரெண்டாவது வரி எதுக்கு இருக்குன்னு ஒரு வகுப்பு, ஒரே ஒரு வகுப்பு எடுத்திருந்தால் 50 லட்சத்தில் ஒரு பங்காவது தப்பிச்சிருக்கும். தெரியாத வீட்டை யாரும் காவல் காக்க மாட்டாங்க, காலிதான் பண்ணுவாங்க. லினக்ஸ் கஷ்டம் என்பதால் அது போகலை. காட்டிக் கொடுக்க ஆள் இல்லாததால் போச்சு. காட்டியிருக்க வேண்டிய ஆட்களில் நானும் ஒருத்தன்.

அக்காவின் பொட்டி

ஹார்ட் டிஸ்கைக் கழட்டி எஸ்எஸ்டி போட்டேன். ராமைக் கொஞ்சம் ஏத்தினேன். புதுசு வாங்க ஆகிறதில் சின்னப் பங்குதான் செலவு. லினக்ஸ் மின்ட் ஏத்தினேன். தமிழ் 99 விசைப்பலகை, வைஃபை, பிரிண்டர் எல்லாம் வேலை செய்தன. உதவித்தொகை விண்ணப்பம், தேர்வு முடிவு, வீடியோ பாடம் எல்லாம் பிரவுசரில் ஓடுறதுதான்.

விண்டோஸை முழுசா தூக்கிடலாம்னு கை துறுதுறுத்தது. அப்பத்தான் பையன் கேட்டான், "மாமா, இதுல டேலி ஓடுமா?"

ஓடாது. எங்க ஊரில் லாரி ஆபீஸ், முட்டை யாவாரம் எங்கே போனாலும் கணக்கு டேலியில்தான். பி.காம். படிக்கிறவனுக்கு அதுதான் சோறு. அவன்கிட்ட போய் மென்பொருள் சுதந்திரம் பேசினால் நான்தான் லூசு. அதனால் விண்டோஸ் 10ஐ ஒரு ஓரமாக வைத்து, அதில் டேலி மட்டும் போட்டு, நெட்டுக்கு லினக்ஸில் போடான்னு சொன்னேன்.

திருப்பிப் பார்த்தால், கறுப்புத் திரையில் ரெண்டு வரி! 2011ல் அரசாங்கம் கொடுத்ததையும் நான் அழிச்சதையும் இத்தனை வருஷம் கழிச்சு நானே திருப்பிக் கட்டியிருக்கேன்.

இந்த முறை ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து எந்த வரி எதுக்குன்னு சொல்லிக் கொடுத்தேன். அக்கா காபி கொண்டுவந்து வெச்சுட்டு, "அப்ப இதை விக்க வேண்டாமில்ல?" என்று ஒண்ணுக்கு ரெண்டு தடவை கேட்டுக்கிட்டாங்க.

2025 மார்ச் பட்ஜெட்டில், ரெண்டு வருஷத்தில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி அல்லது டேப்லெட் என்று அறிவிச்சாங்க. அப்படி ஒரு பொட்டி உங்க வீட்டுப் பக்கம் வந்து, "இதைக் கொஞ்சம் ஃபார்மட் பண்ணிக் கொடுங்கண்ணா" என்று யாராவது கேட்டால், என்னை மாதிரி அவசரப்படாதீங்க. அவங்க என்ன படிக்கிறாங்கன்னு முதல்ல கேளுங்க. உள்ளே என்னென்ன இருக்குன்னு ஒரு மணி நேரம் காட்டுங்க. அப்புறமும் அழிக்கச் சொன்னால் அழிச்சுக் கொடுங்க. அது அவங்க பொட்டி.

டிஸ்கி: பழைய பொட்டியில் காசு போடுறதுக்கு முன் ராம் எத்தனை ஜிபி வரை ஏறும், உள்ளே இருக்கும் ஆபரேட்டிங் சிஸ்டம் எத்தனை வரை ஏத்துக்கும் என்று ரெண்டையும் பாருங்க. ஒண்ணை மட்டும் பார்த்தால் என் கதிதான். முதலில் எஸ்எஸ்டி, அப்புறம்தான் ராம். எதுக்கும் முன்னால், போட்டோக்களைத் தனியா எடுத்து வெச்சுக்கங்க!